மனோசக்திக்கு விலை வைப்பது எப்படி? புதிதாக ஆட்டம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் போன்ற, கதாபாத்திரம் ஏற்று ஆடும் மேசை ஆட்டங்களை நடத்தத் தொடங்கிய சில மாதங்களுக்குள், உங்கள் குழுவில் யாராவது ஒருவர், "எனக்கு மந்திரவாதி வேண்டாம், மனதாலேயே பொருள்களை நகர்த்துகிற ஆள் வேண்டும்" என்றோ, "பிறர் மனதைப் படிக்கிறவளாக ஆட வேண்டும்" என்றோ கேட்பார். இந்த ஆசை நியாயமானது. ஆனால் மனோசக்தி என்ற பெயரைக் கேட்டவுடனே அனுபவமுள்ள டன்ஜன் மாஸ்டர்கள் (ஆட்டத்தை நடத்துவோர்) பலர் முகம் சுளிப்பதையும் பார்த்திருப்பீர்கள். எந்தெந்த இடங்களில் சமநிலை குலைகிறது, அதை எப்படி முன்கூட்டியே சரிசெய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எண்கள் தேவைப்படும் இடங்களில், வேறு பதிப்பைக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளையே பின்பற்றியிருக்கிறேன். சித்து என்ற சொல்லும் இதற்குப் பொருந்தும்தான். எனினும் அச்சொல்லுக்கு நம்மிடையே தனியொரு மரபு இருப்பதால் மனோசக்தி என்றே எழுதுகிறேன்.

முதல் படி: சக்தி எங்கிருந்து வருகிறது, எதற்குப் பதிலாக வருகிறது?

மனோசக்தியின் கெட்ட பெயருக்கு வயது அதிகம். 1976இல் வெளிவந்த எல்ட்ரிச் விசார்ட்ரி என்ற துணைநூலில் அது முதன்முதலாக இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது. 1978ஆம் ஆண்டின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பின்னிணைப்பாக இடம்பெற்றது. அந்தப் பின்னிணைப்பின்படி, புத்திக்கூர்மை, விவேகம், வசீகரம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று 16 அல்லது அதற்கு மேல் இருந்தால், நூறு வரை எண் தரும் பகடையை ஒருமுறை உருட்டிப் பார்க்கலாம். அடிப்படை வாய்ப்பு நூற்றில் ஒன்று. அந்த எண்கள் 16ஐத் தாண்டியிருந்தால் வாய்ப்பு சற்றே கூடும். அதிர்ஷ்டம் அடித்தவருக்கு, அவருடைய கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்வகை) தரும் திறமைகள் எதுவும் குறையாமல், அவற்றுக்கு மேலாக மனோசக்தி இலவசமாகக் கிடைத்தது. ஒரே மேசையில், ஒரே லெவலில் இருக்கும் இரண்டு போர்வீரர்களில் ஒருவர் வெறும் போர்வீரராகவும், மற்றவர் போர்வீரராகவும் மனோசக்தியாளராகவும் இருப்பதை எந்தத் திருத்தத்தாலும் சமப்படுத்த முடியாது.

1991இல் வந்த டார்க் சன் உலகம் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டது: அங்கே விளையாடுவோரின் கதாபாத்திரங்கள் அனைத்துக்கும் ஏதேனும் ஒரு மனோசக்தி பிறவியிலேயே உண்டு. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இல்லை. இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலிருந்தும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: மனோசக்தியை ஒருவருக்கு மட்டும் கொடுப்பதானால், அவர் அதற்காக வேறு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் கொடுங்கள்.

ஐந்தாம் பதிப்பில் இதற்கு எளிய வழி, 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த தாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் உள்ள மூன்று சப்கிளாஸ்களில் (கிளாஸின் உட்பிரிவுகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது: போர்வீரருக்கு சை வாரியர், ரோக்குக்கு (திருடர் வகை) சோல்நைஃப், சார்சரருக்கு (பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவர்) அபரன்ட் மைண்ட். சப்கிளாஸ் என்பதே வேறொரு சப்கிளாஸை விட்டுக்கொடுத்துப் பெறுவது என்பதால், விலை தானாகவே கட்டப்பட்டுவிடுகிறது. 2017இல் சோதனைக்காக வெளியிடப்பட்ட மிஸ்டிக் என்ற முழுக் கிளாஸை இணையத்தில் பார்த்துவிட்டு உங்கள் ஆட்டக்காரர் கேட்கக்கூடும். அது அதிகாரபூர்வ நூல் எதிலும் இடம்பெறவில்லை. காயம் ஆற்றுதல், முன்வரிசையில் நின்று அடி தாங்குதல், தூரத்திலிருந்து தாக்குதல், உளவு பார்த்தல் என்று குழுவில் உள்ள அனைவரின் வேலையையும் ஒருவரே செய்துவிடக்கூடிய வகையில் அது விரிந்து கிடந்தது. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எரிபொருளை எண்ணிப் பாருங்கள்

மந்திரவாதிக்கு ஸ்பெல் ஸ்லாட்டுகள், அதாவது ஒரு நாளில் மந்திரம் போடுவதற்கான இடங்கள் உண்டு. மனோசக்தியாளருக்குப் பெரும்பாலும் புள்ளிகள். ஸ்லாட் என்பது அளவு குறிக்கப்பட்ட டப்பா. சிறிய டப்பாவில் பெரிய மந்திரம் அடங்காது. புள்ளி என்பது கையில் இருக்கும் ரொக்கம். எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். பெரும்பாலான சிக்கல்கள் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஐந்தாம் லெவல் மந்திரவாதியிடம் முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டு இருக்கும். ஃபயர்பால் (வெடிக்கும் தீப்பந்து) மூன்றாம் நிலை மந்திரம் என்பதால், ஒரு நாளில் அவர் தயாராக வைத்திருக்கும் ஸ்லாட்டுகளைக் கொண்டு அதை இரண்டு முறைதான் வீச முடியும். இப்போது டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் உள்ள ஸ்பெல் பாயின்ட் மாற்றுவிதிக்கு வாருங்கள். அதில் முதல் நிலைக்கு 2 புள்ளி, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5. மேற்சொன்ன ஸ்லாட்டுகளைப் புள்ளிகளாக மாற்றினால் 8, 9, 10 என்று மொத்தம் 27 வரும். ஐந்தாம் லெவலுக்கு அந்த விதி தரும் தொகையும் 27தான். கணக்கு சரியாக இருக்கிறது, ஆட்டம் மாறிவிடுகிறது: 27 புள்ளியில் ஐந்து ஃபயர்பால் வீசிவிட்டு, இன்னும் 2 புள்ளி மிச்சம் வைக்கலாம். ஒரு ஃபயர்பால் எட்டு அறுமுகப் பகடைகள், சராசரி 28 சேதம். தப்பிக்க முடியாமல் நடுவில் நிற்கும் எதிரிக்கு 56 என்பது 140 ஆகிவிடுகிறது.

நாளுக்கு ஒரே ஒரு சண்டை மட்டும் நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் மேசையில் இது பேரழிவு. ஐந்தாம் பதிப்பு, சக்திகள் மீண்டும் நிரம்பும் நீண்ட ஓய்வு இரண்டுக்கு இடையே நடுத்தரமோ கடினமோ ஆன ஆறு முதல் எட்டு மோதல்களைக் குழுவால் சமாளிக்க முடியும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் வார இறுதியில் மூன்று மணி நேரம் கூடுகிறோம், அதற்குள் இரண்டு மோதல் முடிந்தாலே பெரிது. ஆகவே புள்ளிமுறையை அனுமதிக்கும் முன், உங்கள் கடைசி ஐந்து அமர்வுகளில் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை சண்டைகள் நடந்தன என்று குறித்துப் பாருங்கள். அந்த எண் மூன்றுக்குக் கீழே இருந்தால், புள்ளிமுறையை ஏற்கவே வேண்டாம். அல்லது நீண்ட ஓய்வைக் கதையில் அரிதாக்குங்கள்.

புள்ளிமுறைக்கு உச்சவரம்பு வைப்பது இரண்டாவது பாதுகாப்பு. 2004ஆம் ஆண்டில் மூன்றரைப் பதிப்புக்காக வந்த எக்ஸ்பாண்டட் சையானிக்ஸ் ஹேண்ட்புக் இதை மிக நன்றாகச் செய்திருந்தது. ஒரு சக்திக்கு ஒரே நேரத்தில் செலவழிக்கும் புள்ளிகள் உங்கள் லெவலைத் தாண்டக் கூடாது என்பதே அந்த விதி. அதில் எனர்ஜி ரே என்ற சக்திக்கு ஒரு புள்ளி கொடுத்தால் ஒரு அறுமுகப் பகடை சேதம். கூடுதலாகத் தரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னொரு பகடை. அந்த நூலின் மனோசக்தியாளர் கிளாஸான சயானிடம் ஐந்தாம் லெவலில் 25 அடிப்படைப் புள்ளிகள் இருக்கும். உச்சவரம்பு விதியின்படி அதிகபட்சம் ஐந்து புள்ளி, ஐந்து பகடை, மின்னல் கதிராக விட்டால் சராசரி 17.5. விதியைக் கவனிக்காமல் விட்ட மேசையில், மொத்தப் புள்ளிகளையும் ஒரே கதிரில் கொட்டி 25 பகடைகள், சராசரி 87.5. அந்தப் பதிப்பின் மனோசக்தி அளவுக்கு மீறிய வலிமை கொண்டது என்ற குற்றச்சாட்டை யாராவது உங்களிடம் சொன்னால், இந்த ஒரு வரியை அவர்கள் மேசையில் படித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் சை வாரியரின் பகடைமுறை எவ்வளவு கட்டுக்கோப்பானது என்பது விளங்கும். லெவலோடு வளரும் ப்ரொஃபிஷியன்சி போனஸைப் போல இரு மடங்கு எண்ணிக்கையில் அவருக்குப் பகடைகள் கிடைக்கும். ஐந்தாம் லெவலில் அது ஆறு எண்முகப் பகடைகள். ஒரு பகடையைச் செலவழித்து அடியின் சேதத்தைக் கூட்டும் சையானிக் ஸ்ட்ரைக்கைத் தன் முறை ஒவ்வொன்றிலும் ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். புத்திக்கூர்மை 14 உள்ளவர் ஆறு பகடைகளையும் தாக்குவதற்கே செலவழித்தாலும், கூடுதலாகச் சேரும் சராசரி சேதம் 39. அதையும் ஆறு வெவ்வேறு அடிகளில் பிரித்துத்தான் தர முடியும். புதியவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கக் காரணம் இதுதான்.

மூன்றாம் படி: ஓசையின்மைக்கு விலை வையுங்கள்

சேதக் கணக்கைச் சரிசெய்வது எளிது. எண்ணை மாற்றினால் போதும். மனோசக்தியின் உண்மையான வலிமை அது யாருக்கும் தெரியாமல் நடப்பதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாதாரண மந்திரவாதி வாய்விட்டு உச்சரிக்க வேண்டும், கையை அசைக்க வேண்டும், சில நேரம் ஒரு பொருளையும் எடுத்துக் காட்ட வேண்டும். இவை வெறும் அலங்காரங்களல்ல. அரசவையில் மந்திரம் போட்டால் காவலர்கள் பார்ப்பார்கள்; வாயைக் கட்டிவிட்டால் மந்திரம் போட முடியாது; அறுபது அடிக்குள் இருக்கும் எதிரி மந்திரவாதி கவுன்டர்ஸ்பெல்லால் முறியடிக்கலாம். ஒலி, அசைவு, பொருள் ஆகிய மூன்றும் தேவைப்படாத மந்திரத்தைப் பார்த்து உணர முடியாது என்று 2017இல் வந்த ஸானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங் தெளிவுபடுத்தியிருக்கிறது. உணர முடியாததை முறியடிக்கவும் முடியாது. அபரன்ட் மைண்ட் சார்சரர் ஆறாம் லெவலில் பெறுவது இதைத்தான்: தன் மனோசக்தி மந்திரங்களைச் சார்சரி புள்ளிகள் (சார்சரருக்கென உள்ள சக்திப் புள்ளிகள்) கொடுத்துப் போட்டால், ஒலியும் அசைவும் தேவையில்லை, செலவாகித் தீரும் பொருளைத் தவிர வேறெந்தப் பொருளும் தேவையில்லை. ஆறாம் லெவல் வரை அவரைக் காத்திருக்க வைப்பதே அதற்கான விலையின் ஒரு பகுதி. அதை முதல் லெவலிலேயே கொடுக்கும் சொந்த விதியை எழுதினால், அந்த விலையை நீங்களே தள்ளுபடி செய்கிறீர்கள்.

பழைய பதிப்புகளில் இதற்கு அழகான தீர்வுகள் இருந்தன. மேற்சொன்ன 2004ஆம் ஆண்டு நூலில், ஒவ்வொரு சக்தியோடும் டிஸ்ப்ளே என்றொரு புலப்படும் அடையாளம் வந்தது: சூழ்ந்திருப்போர் மனதில் ஒலிக்கும் மெல்லிய மணியோசை, காற்றில் பரவும் விநோத மணம், கண்ணில் தோன்றும் ஒளி, உடலில் படியும் வழவழப்பு. அதை மறைக்க விரும்பினால், 15உடன் அந்தச் சக்தியின் நிலையைக் கூட்டி வரும் எண்ணைக் கான்சென்ட்ரேஷன் (மன ஒருமை) சோதனையில் எட்ட வேண்டும். பாத்ஃபைண்டர் ஆட்டத்துக்காக 2015இல் வந்த அக்கல்ட் அட்வெஞ்சர்ஸ் வேறு வழியில் சென்றது. உச்சரிப்புக்குப் பதில் எண்ணமும், அசைவுக்குப் பதில் உணர்ச்சியும் தேவை என்று வைத்தது. அதன் விளைவாக, அச்சத்தால் பீடிக்கப்பட்டிருக்கும் மனோசக்தியாளரால் உணர்ச்சி தேவைப்படும் மந்திரங்களைப் போடவே முடியாது. மந்திரவாதியின் வாயைக் கட்டுவதற்கு ஈடாக, மனோசக்தியாளரைப் பயமுறுத்த வேண்டும். இவ்வளவு பொருத்தமான எதிர்வழியை இந்தத் துறையில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

உங்கள் மேசையில் சொந்த விதி எழுதுவதானால், இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளத்தை ஆட்டக்காரரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது; மூக்கில் வழியும் ஒரு துளி இரத்தமோ, அருகில் உள்ள விளக்குகள் ஒருகணம் மங்குவதோ எதுவானாலும், கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நான்காம் படி: மனதைப் படிப்பவருக்கு ஏற்ற மர்மம்

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆட்டம் நடத்தத் தொடங்கிய காலத்தில், அரசவைக் கொலை ஒன்றை நான்கு வாரங்களுக்கு நீளும்படி திட்டமிட்டிருந்தேன். விருந்து மண்டபத்தில் அமைச்சர் பேசத் தொடங்கியதுமே, குழுவில் இளையவரான ஒருவர், "அண்ணா, அமைச்சர் மனசைப் படிக்கிறேன்" என்றார். பகடை உருண்டது. அமைச்சர்தான் கொலைகாரர் என்பது பத்து நிமிடத்தில் வெளிவந்துவிட்டது. அதைவிடப் பெரிய தவறை அடுத்த வாரம் செய்தேன்: அரண்மனையில் இருக்கும் ஒவ்வொருவர் கழுத்திலும் மனதை மறைக்கும் தாயத்து ஒன்றைத் தொங்கவிட்டேன். அந்தத் தம்பி இரண்டு முறை முயன்றார், இரண்டு முறையும் "ஒன்றும் தெரியவில்லை" என்ற பதிலைப் பெற்றார், அதன்பின் அன்று இரவு முழுவதும் பேசவே இல்லை. அவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த சக்தியை நான் பிடுங்கிவிட்டேன் என்பது, அவர் கைகட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

செய்திருக்க வேண்டியது என்னவென்றால், முதலில் விதியைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். மனதைப் படிக்கும் டிடெக்ட் தாட்ஸ் மந்திரம் முதலில் தருவது மேலோட்டமான எண்ணங்களை மட்டுமே, அதாவது அந்தக் கணத்தில் அவர் மனதில் ஓடுவதை மட்டுமே. ஆழமாகத் தோண்ட வேண்டுமானால் எதிராளிக்கு விவேக சேவிங் த்ரோ (தாக்கத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை) உண்டு. வென்றாலும் தோற்றாலும் தன் மனதை யாரோ துழாவுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மந்திரம் அதிகபட்சம் ஒரு நிமிடம்தான், அதுவும் கவனம் சிதறாமல் இருந்தால். இரண்டடிப் பாறையோ, இரண்டங்குல உலோகமோ, மெல்லிய ஈயத்தகடோ அதைத் தடுக்கும். நான் இவற்றில் எதையும் கவனிக்காமல், "கொலை செய்தது நான்தான்" என்று அமைச்சரின் மனம் தானே ஒப்புக்கொள்வதுபோல் சொல்லிவிட்டேன். விருந்தில் பேசிக்கொண்டிருப்பவரின் மேல்மனதில் அடுத்து என்ன சொல்வது என்ற யோசனையும், எதிரே நிற்பவர்மீது எரிச்சலும்தான் ஓடும்.

அடுத்து, மர்மத்தின் கட்டமைப்பையே மாற்ற வேண்டும். யார் செய்தார் என்பதை மட்டும் பூட்டி வைக்கும் கதை, மனதைப் படிப்பவர் முன் நிற்காது. மூன்று பேர் மனதில் மூன்று விதமான நம்பிக்கைகளை வையுங்கள்: சமையற்காரர் தான் தவறுதலாக விஷம் கலந்துவிட்டதாகவே நம்புகிறார், இளவரசி தன் தம்பியைச் சந்தேகித்து அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், உண்மைக் குற்றவாளி விருந்துக்கே வரவில்லை. இப்போது மனதைப் படிப்பது கதையை முன்னே தள்ளும், முடித்து வைக்காது. உண்மை தெரிந்தபின்னும் அதை நிரூபிக்க வேண்டும் என்ற நிலையும் பயன் தரும். ஒருவரின் மனதைத் துழாவியதாகச் சொல்லும் சாட்சியை எந்த அரசர் ஏற்பார்? அங்கேதான் குழுவின் திருடருக்கும் பேச்சுவல்லவருக்கும் வேலை பிறக்கிறது.

ஐந்தாம் படி: எதிரிகளின் மனோசக்தி

ஆட்டக்காரரின் சக்தியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் புதிய டன்ஜன் மாஸ்டர், எதிரியின் கையில் அதே சக்தி என்ன செய்யும் என்பதை மறந்துவிடுகிறார். இன்டலெக்ட் டிவவரர் என்ற, கால் முளைத்த மூளை போன்ற பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடினத்தைக் குறிக்கும் எண்) வெறும் 2. அதன் டிவவர் இன்டலெக்ட் தாக்குதலுக்கு உள்ளானவர், புத்திக்கூர்மை சேவிங் த்ரோவில் 12 எடுக்க வேண்டும். தவறினால் சேதம் மட்டுமல்ல, மூன்று அறுமுகப் பகடைகள் உருட்டப்படும். அவற்றின் கூட்டுத்தொகை அவரது புத்திக்கூர்மைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் அவரது புத்திக்கூர்மை பூச்சியமாகி, செயலற்றுப் போவார்.

புத்திக்கூர்மை 8 உள்ள போர்வீரர் அந்த சேவிங் த்ரோவில் தவறும் வாய்ப்பு 60 விழுக்காடு. அதன்பின் மூன்று பகடைகளில் 8 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 84 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால், ஒவ்வொரு தாக்குதலிலும் சரிபாதி வாய்ப்பில் அவர் ஆட்டத்திலிருந்தே வெளியேறுகிறார். குறைந்த புத்திக்கூர்மையை மீட்கும் கிரேட்டர் ரெஸ்டொரேஷன் ஐந்தாம் நிலை மந்திரம். கிளெரிக்குக்கு (பூசாரி வகை) அது ஒன்பதாம் லெவலில்தான் கிடைக்கும். இரண்டாம் லெவல் குழுவின் முன் இந்தப் பிராணியை விடும் மாஸ்டர், அவர்களிடம் மருந்தே இல்லாத நோயை விடுகிறார். புத்திக்கூர்மை சேவிங் த்ரோவில் தேர்ச்சி உள்ள கிளாஸ்கள் மந்திரவாதி, ரோக், டிரூயிட், ஆர்ட்டிஃபிசர் என்று மிகச் சிலவே. மற்றவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் குறைத்து வைப்பார்கள்.

எளிய திருத்தம் ஒன்று: மூன்று பகடைகளுக்குப் பதில் இரண்டு உருட்டுங்கள். 8 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 42 விழுக்காடாகக் குறையும். மொத்த ஆபத்து ஐம்பதிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கும். அதோடு, மீள்வதற்கு ஒரு வழியையும் குழு சென்று சேரக்கூடிய தூரத்தில் வையுங்கள். ஊர்க்கோடியில் உள்ள ஆலயத்தின் முதிய பூசாரி போதும். மூளையைத் தின்னும் மைண்ட் ஃப்ளேயருக்கும் இதே கவனம் தேவை. அதன் மைண்ட் பிளாஸ்ட் அறுபதடிக் கூம்புக்குள் நிற்கும் எல்லோரையும் ஒரு நிமிடம் வரை முடக்கக்கூடியது; தப்பிக்கப் புத்திக்கூர்மை சேவிங் த்ரோவில் 15 எடுக்க வேண்டும். குழு நெருக்கமாக நின்றால் ஒரே வீச்சில் சண்டை முடிந்துவிடும். ஆகவே அது வரப்போகிறது என்பதற்கான தடயங்களை இரண்டு அமர்வுகளுக்கு முன்பே கொடுங்கள். மண்டை திறந்து கிடக்கும் சடலத்தைப் பார்த்தவர்கள் தாமாகவே விலகி நிற்பார்கள்.

ஆட்டக்காரரின் பாத்திரத்தை எதிரி வசப்படுத்தி ஆட்டுவிப்பது பற்றி ஒரே சொல்: தொடரைத் தொடங்கும் முன்பே, இப்படி நடக்கலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அதை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: சோதித்துப் பார்த்தல், நடுவழியில் திருத்துதல்

புதிய மனோசக்தியாளரை அனுமதிக்கும் முன், அவரது ஆட்டக்காரரோடு தனியே அமர்ந்து, ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து மூன்று மாதிரிச் சண்டைகளை நடத்திப் பாருங்கள். முதல் சண்டையிலேயே எரிபொருளில் பாதிக்கு மேல் தீர்ந்து, மூன்றாவதில் கைகட்டி நின்றால் அது சரியான அளவு. மூன்றாவதிலும் முதல் சண்டையைப் போலவே வீசிக்கொண்டிருந்தால், புள்ளிகள் அதிகம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, பிற்பாடு பல மாத மனக்கசப்பைத் தவிர்க்கும்.

தொடர் நடந்துகொண்டிருக்கும்போது சமநிலை குலைவது தெரிந்தால், நான் தாயத்து கட்டியதுபோல் கதைக்குள்ளே மறைமுகமாகத் தடுக்காதீர்கள். அமர்வு முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, எந்த விதி எங்கே இடிக்கிறது என்று எண்களோடு காட்டுங்கள். ஒரே நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை இரண்டு மூன்று அமர்வுகள் வரை விட்டுப் பாருங்கள், விதி மாறியதால் அவருடைய தேர்வுகள் வீணாகியிருந்தால் அவற்றை மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். அந்தத் தம்பியோடு நான் கடைசியில் செய்துகொண்ட ஏற்பாடு, மனதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய பாத்திரத்தின் கண்மணிகள் வெளுத்துப்போகும் என்பது. தாயத்துகள் அனைத்தும் போய்விட்டன. அடுத்த விருந்தில் அவர் கறுப்புக் கண்ணாடி செய்து தரச் சொல்லி ஊர்க் கண்ணாடிக் கொல்லரைத் தேடிப் போனார். அந்தத் தேடலிலேயே ஓர் அமர்வு முழுதும் நடந்தது.